மோட்டா எழுத்து

சாப்பாட்டு மேசையின் மேல் எட்டுத் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தேன். எட்டிலும் ஒரே கல்யாணப் பத்திரிகைதான். எழுத்து மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் அந்த நேரத்தில்தான் ஜன்னல் வழியாக நேராக வெளிச்சம் விழும். என் வீட்டுக்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. கார்டு அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதோடு சரி, வீட்டுக்கு வந்தால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

முதல் தாளில் முடிபோல மெல்லிய எழுத்து. இப்போது எல்லாரும் கேட்கிற ரகம். அதைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"ஆடுது மல்லிகா. நடுவுல எங்கியோ ஓட்டை வுட்டாப்ல இருக்கு. மாப்பிள்ளை பேரு என்னா?"

"கார்த்திக்."

"எந்த ஊரு?"

"தங்கவயல்."

இரண்டாவது தாளில் மண்டபத்தின் பெயரைக் கேட்டார். மூன்றாவதில் முகூர்த்த நேரத்தைக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே அடுத்த தாளை நீட்டினேன். ஐந்தாவதில் கொஞ்சம் தேறினார். ஏழாவதில் முக்கால்வாசி வந்துவிட்டார்.

எட்டாவது தாள், எங்கள் கடையில் 'மோட்டா' என்று கூப்பிடுகிற தடித்த பழைய எழுத்து. கையை நீட்டிப் பிடித்தபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓரிடத்திலும் தட்டாமல் படித்தார். "தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்று முடிக்கும்போது குரலில் ஒரு கம்பீரம்கூட வந்திருந்தது.

நான் கைதட்டினேன். "பாத்தீங்களா? கண்ணுல ஒண்ணுமே இல்ல. இந்தக் காலத்து எழுத்துலதான் கோளாறு!"

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை கூசுகிறது.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு கேள்வி

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பற்றியே எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு காக்ஸ் டவுன் அம்மா, அழகான கையெழுத்தில் ஒரு கேள்வி கேட்டு எழுதினார். 'எல்லா எழுத்தும் நாகரிகமாக மெலிந்துவிட்ட பிறகும், பத்திரிகையில் பெண் மாப்பிள்ளை பெயரை மட்டும் ஏன் இன்னும் பழைய மாடலில் தடிதடியாக அடிக்கிறீர்கள்?'

நியாயமான கேள்விதான். மூன்று வாரமாகப் பதில் எழுத உட்காருகிறேன், எழுந்து போய்விடுகிறேன். மோட்டாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சரி, ஆனது ஆகட்டும்.

முதலில் பெயர்க் கதை. நான் பக்கம் அமைக்கிற கார்டு கடை நஸீர் பாயுடையது. வீட்டிலிருந்து இரண்டு தெரு. அந்த எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு. பாய் ஒருநாள் ஸ்கிரீனைப் பார்த்து, "அந்த மோட்டா இருக்கே, அத போடும்மா" என்றார். அன்றிலிருந்து அது மோட்டா. மோட்டா துணி, மோட்டா அரிசி வரிசையில் மோட்டா எழுத்து.

ஆனால் அது வெறும் குண்டு இல்லை. மோட்டாவின் அழகே அதன் ஏற்ற இறக்கம்தான். நிற்கிற கோடு தடியாக இருக்கும், வளைந்து திரும்புகிற இடத்தில் சட்டென்று மெலியும், மறுபடி தடிக்கும். கோடு முடிகிற இடத்தில் கத்தரித்துவிட்ட மாதிரி நிற்காது. ஆங்கில எழுத்தாக இருந்தால் அடியில் சின்னதாக ஒரு பாதம் வைத்து நிற்கும். தமிழில் பாதத்துக்குப் பதில் ஒரு குமிழோ கொக்கியோ வைத்து முடித்துக்கொள்ளும். மோட்டாவில் 'ழ'வின் வாலைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடிக்கலாம்.

'ண'வில்தான் அதற்குச் சங்கடம். மூன்று சுழி. சின்ன அளவில் அடித்தால் சுழியெல்லாம் மை அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டுகளாகிவிடும். அதனால் முகவரிக்கும் அடிக்குறிப்புக்கும் மோட்டாவைப் பக்கத்திலேயே விடக்கூடாது. அது பெயருக்கு, தலைப்புக்கு, தூரத்திலிருந்து தெரிந்தாக வேண்டிய எதற்கும்.

இந்த ஊரில் கண்ணை வைத்துக்கொண்டு நடந்தால் மோட்டாவின் சொந்தக்காரர்களை எங்கும் பார்க்கலாம். காக்ஸ் டவுன் பழைய வீடுகளின் கேட்டில் வெள்ளைப் பளிங்கில் கறுப்பு அடைத்த ஆங்கிலப் பெயர்கள், எல்லாம் பாதம் வைத்த தடித்த எழுத்து. வீட்டை இடித்து அபார்ட்மென்ட் எழுப்பினவர்கள்கூட அந்தப் பளிங்கை மட்டும் பெயர்த்து லிஃப்ட் பக்கத்தில் பதித்துக்கொள்கிறார்கள். விவேக் நகர்ப் பக்கம் கடைச் சுவர்களில் 'கேட்ட வரம் கிடைத்தது, நன்றி' என்று ஒட்டுகிற துண்டுத் தாள், வக்கீல் வாசல் பலகை, பள்ளிக்கூடச் சான்றிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் இந்தக் குடும்பம்தான். கன்னடத்திலும் இதற்கு ஒரு சித்தப்பா இருக்கிறார், இந்த ஊர்ச் சட்டப்படி அவரைத்தான் கடை போர்டில் எல்லாருக்கும் மேலே பெரிதாக உட்கார வைக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற ஐ.டி. பிள்ளைகள் மெல்லிய எழுத்தைத்தான் கேட்கிறார்கள். "க்ளீனா இருக்கணும் ஆன்ட்டி." அப்படியே அடித்துக் கொடுப்பேன். மறுநாள் பெண்ணின் அப்பா திண்டிவனத்திலிருந்து போன் செய்வார், பெயர் கண்ணுக்கே தெரியவில்லை என்று. கடைசியில் பெயர் மட்டும் மோட்டாவுக்கு மாறும். "பேரு மோட்டாவா இருந்தாத்தாம்மா மாமனாருக்கு தூக்கம் வரும்" என்பார் பாய். காக்ஸ் டவுன் அம்மாவுக்கு என் பதிலும் அதுவேதான்.

இரண்டு மேசை

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். கல்யாண வேலைக்கு ஒரு மேசை, காரியப் பத்திரிகைக்கு இன்னொரு மேசை. இரண்டு தாள்களும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. கல்யாணத் தாள் நாலு மூலையிலும் மஞ்சள் வாங்கப் போகிறது, அதன் மேல் கறுப்புக் கரை போட்ட தாள் படலாமா?

காரியப் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துப் போவதும் இல்லை. தபாலில் வந்தால்கூட வாசலிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு தாளைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

ஆனபடியால் வீட்டில் அவர் பார்த்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணப் பத்திரிகையை நம்மில் யார்தான் படிக்கிறோம்? 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தாலே மீதி தானாக வாயில் வந்துவிடும். பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டிருக்கும், சுபதினமாக இருக்கும், சுற்றமும் நட்பும் சூழ வரவேண்டியிருக்கும். பெயரும் நேரமும் தெரிந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டே ஒப்பித்துவிடலாம்.

பெயரையும் நேரத்தையும் அவருக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன், ஏழு தாளில்.

போர்டு படிக்கிற மனுஷன்

வீட்டுக்காரர் பெயர் தனசேகர். முப்பது வருஷத்துக்குமேல் பஸ் கண்டக்டர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரே வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நான் கிருஷ்ணகிரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் எனக்குக் கன்னட எழுத்து ஒன்றும் தெரியாது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, போகிற வழியிலுள்ள போர்டையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டுவார். பேக்கரி, பல் டாக்டர், இரும்புக் கடை, 'இங்கே சிறுநீர் கழிக்காதே' உட்பட.

எனக்கு ஒரே வெட்கம். "வாய மூடிகினு ஓட்டுங்களேன், எல்லாரும் பாக்கறாங்க."

"ஸ்டாப்பு பேரு சொல்லாம எனக்கு வண்டி ஓடாதும்மா" என்பார்.

எழுத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான். இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று சொல்லலாம்.

ரிடையர் ஆன அடுத்த வருஷமோ என்னவோ, அவர் போர்டு படிப்பதை நிறுத்திவிட்டார். நான் கவனித்தேன். கவனிக்காமல் என்ன, வயசாகி வாய் அடங்கிவிட்டது, நிம்மதி என்று நினைத்தேன். அதைப் பாயிடம் ஒரு சிரிப்புக் கதையாகக்கூடச் சொன்னேன்.

ஒரு போன்

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாதாமாதம் பார்க்கிற தெருமுனை டாக்டர், "எழுத்து ஆடுதுன்னா கண்ணுக்குள்ள ரெடினாவ பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று ஒரு கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் முன்னாலேயே நானே போன் செய்து ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினேன். எட்டுத் தாள் பரீட்சை நடந்தது அதற்கு முந்தின திங்கட்கிழமை.

ஆவணி மாதம். கடையில் மூச்சு விட நேரமில்லை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு பத்திரிகை, ஒவ்வொன்றுக்கும் நாலு தரம் திருத்தம். மோட்டாவில் அவர் கடகடவென்று படித்துவிட்ட சந்தோஷத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். கண்ணில் கோளாறில்லை என்று நானே கண்டுபிடித்துவிட்டேனே, இனி எதற்கு அரை நாள் லீவு?

புதன்கிழமை கடையின் பின்பக்கம் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நாளைக்கு வர முடியாது, பிறகு சொல்கிறோம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் சரி என்றாள். அரை நிமிஷ வேலை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார், "நாளைக்கு எத்தினி மணிக்குக் கிளம்பணும்?"

அவருக்குப் போக ஆசையில்லை என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவரோ வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். எனக்கு வாயில் வந்தது பொய்தான்.

"அவங்களே தேதிய தள்ளி வெச்சிட்டாங்களாம். டாக்டர் ஊர்ல இல்லியாம். திரும்ப போன் பண்றாங்களாம்."

"ஓஹோ" என்றார். ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆவணி முடிந்தது. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதாவது கூட்டிப் போயிருக்கலாம். இரண்டு தரம் அவரே கேட்டார், "ஆஸ்பத்திரிலேந்து போன் வந்துதா?" என்று. இல்லை என்றேன். அது பொய்யில்லைதான். அந்த மாதிரி உண்மையைவிடப் பொய்யே மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குப் பாய் போன் செய்தார். கடைக் கம்ப்யூட்டர் உயிர்விட்டுவிட்டது, ஒரு காரியப் பத்திரிகை பன்னிரண்டு மணிக்குள் வேண்டும், வீட்டு லேப்டாப்பில் அடித்துத் தர முடியுமா என்றார்.

"வீட்டுலயா?" என்றேன்.

"தெரியும்மா. வேற வழியில்ல. அவங்க வந்து நிக்கறாங்க."

மனசே இல்லாமல் அடித்தேன். கண்ணம்மாள் என்று ஒரு அம்மா, பதினாறாம் நாள் காரியம். படம் இன்னும் வரவில்லை, அதற்கு இடம் விட்டேன். பெயர் மோட்டாவில், சுற்றிலும் கறுப்புக் கரை. பிழை பார்க்க ஒரே ஒரு தாள் பிரிண்ட் எடுத்து மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கப் போகிறதே என்று சமையலறைக்கு ஓடினேன்.

ஹாலிலிருந்து அவர் குரல் கேட்டது. கல்யாண சீசனில் எனக்கு உதவியாகப் பிழை பார்ப்பது அவர் வழக்கம். தாளை எடுத்து நிமிர்த்திக்கொண்டு படிக்க ஆரம்பித்திருந்தார், நல்ல சத்தமாக.

"நிகழும் மங்களகரமான..."

நான் பாலை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"...பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்ட வண்ணம்..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழவு கார்டை வெச்சிகினு என்னாங்க விளையாட்டு இது? செத்துப்போன பொம்பள பாவம்!"

அவர் தாளை இறக்கினார். "எழவு கார்டா?"

"பின்ன? பாருங்க, சுத்தி கறுப்பு போட்டிருக்கறது தெரியல?"

"நான் ஏதோ டிசைனு கரைன்னு நினைச்சேன்."

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கிட்டே போய், பெரிய எழுத்தில் இருந்த பெயரை விரலால் காட்டினேன். "இத படிங்க."

பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி பார்த்தார். விரலைக் கிட்டே கொண்டுபோய் எழுத்தின் மேலேயே வைத்தார்.

"கறுப்பா இருக்கு மல்லிகா. எழுத்து இருக்குன்னு தெரியுது. என்னா எழுத்துன்னு தெரியல."

"அன்னிக்கு எட்டாவது தாள கடகடன்னு படிச்சீங்களே?"

"படிச்சேன்னுதான் நானும் நினைச்சிகினு இருக்கேன்" என்றார்.

சத்தியமாக அவர் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. என்ன இருக்கும் என்று தெரிந்ததால் அது இருப்பதாகவே அவர் கண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோன வாசனை வந்தது.

"யாக்கே இஷ்டு லேட்?"

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். அவர் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் அந்த வராந்தாவை எத்தனை தரம் அளந்தேன் என்று கணக்கில்லை. சுவரில் கண்ணைப் பற்றிய படங்கள். எழுத்து மெல்லிசாக, பார்வை குறைந்தவன் படிக்கவே முடியாதபடி. அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் பார்த்தது.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா என்னைவிட இளையவர். "யாக்கே இஷ்டு லேட் மாடித்ரி?" என்று அவரிடம் கேட்டார். ஏன் இவ்வளவு தாமதம் செய்தீர்கள் என்று.

அவர் கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார், "ஆவணிலயே வந்திருப்போம் மேடம். நீங்கதான் தேதிய தள்ளி வெச்சீங்க."

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தேடினார். இப்போது சொல்லிவிடுவார், 'நீங்களேதான் போன் செய்து வேண்டாம் என்றீர்கள்' என்று. சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லக்கூடாது சாமி என்றும் இருந்தது. அதற்குள் நர்ஸ் ஏதோ கையெழுத்துக்காக வந்தாள். பேச்சு மாறிவிட்டது.

சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி வீங்கியிருந்தது. வலது கண்ணில் ரத்தக்கசிவும் சேர்ந்து தழும்பாகிவிட்டது. அதில் நடுப்பார்வை இனி வராது என்றார் டாக்டரம்மா. இடது கண்ணை ஊசி போட்டுப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம், மாதம் ஒரு ஊசி, எவ்வளவு தேறும் என்று போகப் போகத்தான் தெரியும். ரெண்டு மாசம் முன்னாலேயே வந்திருந்தால் வலது கண்ணும் தேறியிருக்குமா என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சான்ஸ் இருந்தது" என்றார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொன்னார்! "அழாத. ஒரு கண்ணு போதும். இன்னும் பஸ்ஸா ஓட்டப் போறேன்? ஓட்டுனதே டிரைவர்தான்."

நான் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன ஜென்மமோ நான்.

பாய் சொன்னது

இரண்டு ஊசி ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை, சரியாக வேலையும் செய்யவில்லை. ஒரு பத்திரிகையில் பெண்ணின் பெயரை மாப்பிள்ளையின் அக்காவுக்குப் போட்டுவிட்டேன், பாய் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குப் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பாய் அச்சு மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார், "அரே, வுடும்மா. போனது போச்சு. சொன்னா அவர் கண்ணு வந்துடுமா? பாவம், நிம்மதியா இருக்கார். நீ சொன்னா உனக்கு பாரம் குறையும், அவருக்கு ஏறும்."

நல்ல யோசனைதான். அவர் சொல்வதில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஆஸ்பத்திரிக்காரன் தேதிய தள்ளிட்டான், இல்லாட்டி ரெண்டு கண்ணும் பொழச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் அதை நெட்டில் போட்டு அந்த ஆஸ்பத்திரியை நாறடிக்கிறேன் என்று கிளம்பினான். அவனைத் தடுத்து நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாரோ ஒரு டாக்டரம்மா என் பொய்யைச் சுமந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது, பார்வை சோதிக்கிற பெண் சுவரில் எழுத்துகளைக் காட்டினாள். தமிழ் எழுத்துதான், ஆனால் சேர்ந்தால் சொல்லாகாத எழுத்து. ப, ட, ய, ங என்று அர்த்தமே இல்லாத வரிசை. இடது கண்ணால் மேலிருந்து நாலு வரி படித்தார். முன்பு ஒரு வரிதான்.

"வீட்லயும் படிக்க வைங்க" என்றாள் என்னிடம். "ஆனா அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சது எதையும் குடுக்காதீங்க. தெரிஞ்சதா இருந்தா மனசு படிச்சிடும், கண்ணு படிக்காது. அவர் எதிர்பாக்காத விஷயமா இருக்கணும்."

அவர் எதிர்பார்க்காத விஷயம் என்னிடம் ஒன்று இருந்தது.

ஒரு தாள்

மறுநாள் மதியம் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். பேசுகிற மாதிரி அடிக்கத்தான் நினைத்தேன். பழக்க தோஷம், பத்திரிகைத் தமிழ்தான் வந்தது. மோட்டா, பெரிய அளவு, வரிக்கு இரண்டு மூன்று சொல். ஒரு தாளை நிறைத்துவிட்டது. வரிகளுக்கு நடுவே இடம் சரியாக விழுகிறதா என்று மூன்று தரம் மாற்றினேன். அந்த வேலையைச் செய்துகொண்டே இருந்தால் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்காதே என்று ஒரு எண்ணம்.

அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "குடு. பரீட்சைக்கு ரெடி."

நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டேயிருந்தது. கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆ... ஸ்... பத்... திரி... யில்." நிமிர்ந்து பார்த்தார். "ஆஸ்பத்திரியா?"

"சரிதான். மேல படிங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் படிக்கிறார். ஒப்பிக்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துப் படிக்கிறார். பக்கத்து வீட்டைத் தட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதே நேரம் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

"தே... தி... தள்ளி... வைக்க... வில்லை."

நிறுத்தினார். அந்த வரியை மறுபடி முதலிலிருந்து, வாய்விட்டுச் சொல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார். கீழே சந்தில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"நான்தான்... போன்... செய்து..." அவர் குரல் இறங்கிவிட்டது. "வர முடியாது... என்றேன்."

அடுத்த வரிகளைச் சத்தமாகப் படிக்கவில்லை. கண் மட்டும் நகர்ந்தது. கடையில் வேலை இருந்தது, உங்களிடம் பொய் சொன்னேன், உங்கள் கண் போனது என்னால்தான் என்று அந்த இடத்தில் எழுதியிருந்தேன். கண் எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வரியைக்கூட அவர் தாண்டவில்லை.

ஒரே ஒரு சொல் பாக்கி. தனி வரியில் அடித்திருந்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாளை மேசையில் வைத்து, என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"கடைசி வரி மட்டும் தெரியல" என்றார். "நீயே படி."

அதுவும் அதே மோட்டாதான். அதே அளவுதான்.

நான் படித்தேன். "மன்னித்துவிடுங்கள்."